செவ்வாயில் ராக்கெட் எரிபொருள் ஆலை: முதல் வடிவமைப்புக் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி?

விண்வெளியில் உற்பத்தி என்று புராஜெக்ட் எடுக்கும் கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்கள் பெரும்பாலும் செவ்வாயில் மீத்தேனும் ஆக்சிஜனும் தயாரிப்பதில்தான் வந்து நிற்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் பத்தில் எட்டுப் பேர் முதல் நாளே கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் சபாட்டியே ரியாக்டரை வரையத் தொடங்கி, வினையூக்கி பற்றி இருபது பக்கம் எழுதி, கடைசி வாரத்தில் "சார், வெப்பத்தை எங்கே விடுவது?" என்று கேட்கிறார்கள். இந்த ஆலையில் ரியாக்டர்தான் இருப்பதிலேயே எளிய பகுதி. காற்றைப் பிடிப்பது, பிரிப்பது, குளிர்விப்பது, மின்சாரம், இவைதான் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன. அதனால் எந்த வரிசையில் கணக்குப் போடுகிறோம் என்பது முக்கியம். கீழே உள்ள வரிசையில் போனால் திரும்பத் திரும்ப அழித்து எழுத வேண்டியிருக்காது.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு எக்செல் ஷீட் போதும். சிமுலேஷன் மென்பொருளை இப்போதைக்குத் திறக்காதீர்கள். தவறான எண்ணைக் கொடுத்தாலும் அது அழகான விடை தரும், நீங்களும் நம்பிவிடுவீர்கள்.

ஷீட்டின் முதல் பக்கத்தில் இடத்தின் நிலைமையை எழுதுங்கள். காற்றழுத்தம் சுமார் 600 பாஸ்கல், அதாவது நம் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. பருவத்துக்குப் பருவம் அதுவும் கால் பங்கு வரை ஏறி இறங்கும். காற்றில் 95 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, மீதியில் பெரும்பகுதி நைட்ரஜனும் ஆர்கானும். சராசரி வெப்பநிலை 210 கெல்வின். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 0.38 பங்கு. ஒரு செவ்வாய் நாள் 24 மணி 39 நிமிடம் சொச்சம்.

ஈர்ப்பு இருக்கிறது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். சுற்றுப்பாதையில் ஆலை போடுகிறவர்களுக்குத் தண்ணீரிலிருந்து வாயுக் குமிழியைப் பிரிப்பதே தனித் தலைவலி, சுழற்றித்தான் பிரிக்க வேண்டும். செவ்வாயில் குமிழி மெதுவாகவாவது தானே மேலே வந்துவிடும். சர்வதேச விண்வெளி நிலையத்துக்காகச் செய்த பிரிப்பான்களை அப்படியே நகலெடுத்து எடையைக் கூட்ட வேண்டாம்.

## 2. தொட்டியிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

முதல் கேள்வி "எவ்வளவு தயாரிக்க முடியும்?" இல்லை, "தொட்டியில் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள்?" என்பதுதான். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. ஆட்கள் கிளம்பும் முன்பே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், பயண நேரமும் ஆலையை நிறுவும் நேரமும் போக ஏறத்தாழ 16 மாதம்தான் ஓட்டக் கிடைக்கும்.

இங்கே ஒரு மணிக்கு 1 கிலோ மீத்தேன் என்று அடிப்படை வைத்துக்கொள்வோம். 480 நாள் நிற்காமல் ஓடினால் 11.5 டன் மீத்தேன். உங்கள் ராக்கெட்டுக்கு வேறு அளவு தேவை என்றால் பெரும்பாலான எண்களை அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ளலாம், அதற்காகத்தான் 1 கிலோ.

அடுத்தது ஆக்சிஜன். மீத்தேன் முழுமையாக எரிய எடைக்கு 4 மடங்கு ஆக்சிஜன் வேண்டும். ஆனால் எஞ்சின்கள் கொஞ்சம் எரிபொருள் மிகையாகவே ஓடும், 3.6 என்று வைப்பது வழக்கம். இந்த வித்தியாசத்தை இப்போதே குறித்து வையுங்கள், அடுத்த படியில் பயன்படும்.

## 3. மோல் கணக்கை மூடுங்கள்

இரண்டே வினைகள். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் நான்கு மோல் ஹைட்ரஜனும் சேர்ந்து ஒரு மோல் மீத்தேனும் இரண்டு மோல் தண்ணீரும் தரும், இது சபாட்டியே. தண்ணீரை மின்பகுத்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். ரியாக்டரில் வரும் தண்ணீர் திரும்ப மின்பகுக்கும் கருவியான எலக்ட்ரோலைசருக்கே போகும்.

ஒரு மணிக்கு 1 கிலோ மீத்தேன் என்றால் 62.3 மோல். அதற்கு 2.74 கிலோ கார்பன் டை ஆக்சைடும் 0.5 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். அந்த ஹைட்ரஜனுக்காக மின்பகுக்க வேண்டிய தண்ணீர் 4.49 கிலோ. அதில் பாதி, 2.25 கிலோ, ரியாக்டரிலிருந்தே திரும்பி வருகிறது. மீதி 2.25 கிலோவை நிலத்திலிருந்து எடுக்க வேண்டும். வெளியே வரும் ஆக்சிஜன் 3.99 கிலோ.

சரிபார்ப்போம்: உள்ளே 2.74 கூட்டல் 2.25, அதாவது 4.99. வெளியே 1 கூட்டல் 3.99, அதுவும் 4.99. இந்த இரண்டும் பொருந்தும் வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். தண்ணீர்க் கணக்கில் 4.49-ஐ அப்படியே நிலத்திலிருந்து எடுப்பதாக எழுதுகிறவர்கள் அதிகம். திரும்பி வரும் பாதியைக் கழிக்க மறந்தால் தோண்டும் இயந்திரம் இரண்டு மடங்காகிவிடும்.

எஞ்சின் கேட்பது 3.6 கிலோ, ஆலை தருவது 3.99 கிலோ. மணிக்கு 0.39 கிலோ மிச்சம், 480 நாளில் 4.5 டன். ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சுவாசிக்க 0.84 கிலோ ஆக்சிஜன் போதும் என்பதால் நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இது தாராளம். இந்த மிச்சத்தைச் சும்மா வெளியே விடுவதாக எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள்.

சிலர் தண்ணீர் தோண்டும் தொல்லை வேண்டாம், ஹைட்ரஜனைப் பூமியிலிருந்தே கொண்டுபோகலாம் என்பார்கள். தண்ணீராகத் திரும்பி வரும் பாதி போக 11.5 டன் மீத்தேனுக்கு 2.9 டன் ஹைட்ரஜன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திரவ ஹைட்ரஜன் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான், 41 கன மீட்டர் தொட்டியை மாதக்கணக்கில் 20 கெல்வினில் வைத்திருக்க வேண்டும். அதோடு ஆக்சிஜன் பாதியாகக் குறைந்து மீத்தேனுக்கு 2 மடங்குதான் கிடைக்கும். குறையும் ஆக்சிஜனுக்கு மாக்சி மாதிரி கார்பன் டை ஆக்சைடை நேரடியாக மின்பகுக்கும் கருவி ஒன்று வேண்டும். பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் இருந்த மாக்சி 2021 முதல் 2023 வரை 16 முறை ஓடி மொத்தம் 122 கிராம் ஆக்சிஜன் தயாரித்தது, உச்ச வேகம் மணிக்கு 12 கிராம். குறையும் பாதியை, மணிக்கு 2 கிலோவை, ஈடுகட்டவே அதைப்போல 165 மடங்கு வேகம் வேண்டும். மாக்சியைக் காட்டி "ஏற்கெனவே நிரூபிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

## 4. தண்ணீர் மூலத்தை முடிவு செய்யுங்கள்

ரியாக்டருக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம், தண்ணீர் எங்கே கிடைக்கிறது என்பதுதான் ஆலை எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. இடம் மாறினால் சூரிய ஒளி, வெப்பநிலை எல்லாம் மாறும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வட துருவப் பக்கத்தில் 2008இல் பீனிக்ஸ் கலம் தோண்டிப் பார்த்த மாதிரியான நிலத்தடிப் பனிக்கட்டி. இன்னொன்று, எங்கும் கிடைக்கும் மண். கியூரியாசிட்டி ஊர்தி கேல் பள்ளத்தில் சூடாக்கிப் பார்த்த மண்ணில் எடைக்கு 2 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். பனிக்கட்டியை 210 கெல்வினிலிருந்து சூடாக்கி, உருக்கி, ஆவியாக்கிச் சுத்தம் செய்ய கிலோவுக்குச் சுமார் 2,950 கிலோஜூல். மணிக்கு 2.25 கிலோவுக்கு 1.8 கிலோவாட் வெப்பம் போதும். அதே தண்ணீரை 2 சதவீத மண்ணிலிருந்து எடுக்க மணிக்கு 112 கிலோ மண்ணை 600 கெல்வின் பக்கம் சூடாக்க வேண்டும். மண்ணைச் சூடாக்க மட்டுமே 9 கிலோவாட்டுக்கு மேல் போகும், தோண்டுவதும் அள்ளுவதும் கொட்டுவதும் தனி.

இன்னொரு சிக்கல் பெர்குளோரேட் உப்பு. பீனிக்ஸ் இதை மண்ணில் அரை சதவீத அளவுக்குக் கண்டது. மண்ணைச் சூடாக்கினால் இது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு மாதிரியான வாயுக்களாகத் தண்ணீரோடு சேர்ந்து வரும். வினையூக்கிக்குக் குளோரின் விஷம். உப்பின் உலோக அயனிகளோ எலக்ட்ரோலைசரின் சவ்வில் போய் உட்கார்ந்துகொண்டு மின்தடையைக் கூட்டும். ஆகவே பாய்வு வரைபடத்தில் தண்ணீர்ச் சுத்திகரிப்புக்கு ஒரு பெட்டி கட்டாயம் இருக்க வேண்டும். காய்ச்சி வடித்து, அப்புறம் கரைந்த அயனிகளைப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றப் படுகை.

ஒரு சின்ன எச்சரிக்கை: திறந்த வெளியில் பனியைச் சூடாக்கினால் உருகாது, நேரே ஆவியாகிப் பறந்துவிடும், ஏனென்றால் அங்குள்ள அழுத்தம் தண்ணீரின் முப்புள்ளிக்கு, அதாவது தண்ணீர் திரவமாக நிற்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தத்துக்கு, பக்கத்தில்தான் இருக்கிறது. சூடாக்குவது எப்போதும் மூடிய கலத்துக்குள்.

## 5. காற்றைப் பிடியுங்கள்

மணிக்கு 2.74 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்பது பூமியில் ஒன்றரை கன மீட்டர்தான், சின்னக் குழாயில் வந்துவிடும். செவ்வாய்க் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 0.015 கிலோ. உள்ளே வருவதில் பாதியைப் பிடிக்கிறோம் என்றால் மணிக்கு 380 கன மீட்டர் காற்றை இழுக்க வேண்டும். குழாய் விட்டம், தூசி வடிகட்டி, புளோயர் எல்லாமே இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

பிடிக்க நான் பரிந்துரைப்பது உறைய வைக்கும் முறை. அந்த அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு 148 கெல்வின் பக்கம் பனியாகப் படியும். 140 கெல்வினில் ஒரு குளிர்ப்பரப்பை வைத்தால் படிந்துகொண்டே வரும். போதுமான அளவு சேர்ந்ததும் கலத்தை மூடிச் சூடாக்கினால், அந்தப் பனியே ஆவியாகிப் பல பார் அழுத்தத்துக்கு ஏறிவிடும். கம்ப்ரசரே வேண்டாம். அந்த மெல்லிய காற்றை நூறு மடங்குக்கு மேல் அமுக்கும் கம்ப்ரசர் எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மாறி மாறி ஓட இரண்டு கலங்கள் வேண்டும், ஒன்று உறைய வைக்கும்போது மற்றது வெளியேற்றும்.

குளிர்விப்பு எவ்வளவு? கிலோவுக்கு 640 கிலோஜூல், ஆகவே 0.49 கிலோவாட். "அரை கிலோவாட்தானா" என்று நிம்மதியாகிவிடாதீர்கள், இது 140 கெல்வினில் வெளியே எடுக்க வேண்டிய வெப்பம். வெப்பத்தை 260 கெல்வினில் விடுகிறோம் என்று வைத்து, வெப்ப இயக்கவியல் அனுமதிக்கும் உச்சத் திறனான கார்னோ எல்லையில் 15 சதவீதத் திறனோடு கிரையோகூலர் (கடுங்குளிர் இயந்திரம்) ஓடினால், கேட்கும் மின்சாரம் 2.8 கிலோவாட். குளிர்விப்பு வெப்பத்தையும் அதற்கு ஆகும் மின்சாரத்தையும் ஒன்றென்று எண்ணிக் கூட்டுவது இந்தப் படியில் நடக்கும் மிகப் பெரிய பிழை. ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போடுங்கள்.

அடுத்த பிழை நைட்ரஜனையும் ஆர்கானையும் மறப்பது. கார்பன் டை ஆக்சைடு உறைந்து போகப் போக, உறையாத இந்த இரண்டும் குளிர்ப்பரப்பின் முன்னால் போர்வைபோல் தேங்கும். 140 கெல்வினிலும் பனியின் மேல் 180 பாஸ்கல் அளவுக்கு ஆவி நிற்கும் என்பதால் படிய வைக்கும் அழுத்த வித்தியாசம் ஏற்கெனவே குறைவு, தேக்கம் வந்தால் படிவதே நின்றுவிடும். அதனால்தான் பாதியை மட்டும் பிடித்து மீதியை ஊதித் தள்ளுகிறோம். பனி தடித்தால் வெப்பக் கடத்தலும் குறையும், ஆகவே ஒரு சுற்று எவ்வளவு நேரம் என்பதைப் பனியின் தடிமனை வைத்து முடிவு செய்யுங்கள்.

## 6. இப்போதுதான் ரியாக்டர்

உர ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழைய நண்பன். அம்மோனியா ஆலைகளில் மிச்சமிருக்கும் கார்பன் ஆக்சைடுகளை மீத்தேனாக்கி அகற்றும் மெத்தனேட்டர் இதே வினையைத்தான் செய்கிறது. அங்கே எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு விதி உண்டு: வாயுவில் 1 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் வினையூக்கிப் படுகை 60 டிகிரி சூடேறும். அதனால் உள்ளே வருவது ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள்.

நம் ரியாக்டரில் உள்ளே போகும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதம். மெத்தனேட்டரின் வடிவத்தை அப்படியே எடுத்துப் போட்டால் படுகையின் முன்பக்கம் வினையூக்கி உருகிக் கட்டிதட்டும் அளவுக்குச் சூடாகும். வினைச் சமநிலை இடையில் தடுக்கும் என்பதால் 60-ஐ 20-ஆல் பெருக்கிய 1,200 டிகிரி வராது, ஆனால் அந்தத் தடையே பிரச்சினைதான். 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் மீத்தேன் விளைச்சல் குறைந்து கார்பன் மோனாக்சைடு வரத் தொடங்கும்.

ஆகவே இரண்டு பகுதி. முன்பகுதி சூடாக, 400 டிகிரியைத் தாண்டலாம், வேகம் அங்கே கிடைக்கும். பின்பகுதி குளிராக, 250 முதல் 300 டிகிரி வரை, மாற்றம் அங்கே முழுமையாகும். மொத்த வெப்பம் மோலுக்கு 165 கிலோஜூல், நம் அளவுக்கு 2.9 கிலோவாட். குழாயைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவத்தை ஓட்டி எடுத்துவிடலாம். படி 4-இல் பனியை ஆவியாக்க 1.8 கிலோவாட் தேவைப்பட்டது நினைவிருக்கிறதா? அதை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். முதலிலேயே ரியாக்டரை வரைந்திருந்தால் இந்த இணைப்பு கண்ணில் பட்டிருக்காது.

வினையூக்கி நிக்கலா ருத்தீனியமா என்று நாள்கணக்கில் விவாதிக்க வேண்டாம். சில கிலோ படுகைக்கு விலை ஒரு பொருட்டே இல்லை. ருத்தீனியம் குறைந்த வெப்பநிலையில் வேலை செய்யும். நிக்கலில் இன்னொரு ஆபத்து, கார்பன் மோனாக்சைடு இருக்கும்போது 200 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நிக்கல் கார்பனைல் என்ற கொடிய விஷ வாயு உண்டாகலாம். அடிக்கடி நின்று ஓடும் ஆலைக்கு நான் ருத்தீனியம் பக்கம்தான்.

## 7. எதை மிகையாக விடுவது?

வடிவமைப்பில் உண்மையான பொறியியல் முடிவு இதுதான், பெரும்பாலோர் ஒரு வரியில் தாண்டிவிடுவதும் இதுதான்.

ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுக்கு ஹைட்ரஜன் சரியாக 4 மோல் என்று வைத்தாலும் ஒரு சுற்றில் முழு மாற்றம் வராது. கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் மீத்தேனோடு வெளியே வரும். ஹைட்ரஜன்தான் விலை உயர்ந்தது, கார்பன் டை ஆக்சைடு காற்றில் கிடப்பது, ஆகவே அதை மிகையாக விட்டு ஹைட்ரஜனைத் தீர்த்துவிடலாம் என்று தோன்றும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அது சரி, அங்கே தேவை தண்ணீர்தான், மீத்தேன் குப்பை, வெளியே விட்டுவிடுகிறார்கள். நமக்கோ மீத்தேன்தான் சரக்கு. அதை 112 கெல்வினுக்குக் குளிர்விக்கும்போது, கலந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு அதற்கு வெகு முன்பே உறைந்து ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைத்துவிடும்.

ஹைட்ரஜனை 10 சதவீதம் மிகையாக விட்டால் கார்பன் டை ஆக்சைடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிச்ச ஹைட்ரஜனைச் சவ்வு வழியாகப் பிரித்து ரியாக்டர் வாயிலுக்குத் திருப்பிவிடலாம். தப்பிப்போனது மீத்தேன் திரவமாகும்போது வாயுவாகவே நிற்கும், அதையும் சேர்த்துத் திருப்பலாம். கடைசித் துளிக் கார்பன் டை ஆக்சைடையும் ஈரத்தையும் பிடிக்க ஒரு சியோலைட் (நுண்துளைக் கனிமம்) படுகை. என் பரிந்துரை இதுதான்.

ஆனால் திருப்பிவிட்டால் பர்ஜ், அதாவது சுற்றிலிருந்து கொஞ்சம் வாயுவைத் தொடர்ந்து வெளியே விடுவது, வேண்டும். பனியோடு சிக்கி வந்த நைட்ரஜனும் ஆர்கானும் சுற்றுக்குள் நுழைந்தால் வெளியேற வழி இல்லை, ஏறிக்கொண்டே போகும். எக்செல் ஷீட்டில் ரீசைக்கிள் வரியின் எண்கள் நிற்காமல் கூடிக்கொண்டே போனால் கோளாறு எக்செலில் இல்லை, நீங்கள் பர்ஜ் வைக்கவில்லை.

எவ்வளவு பர்ஜ்? உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடில் 1 சதவீதம் மந்த வாயு (இந்த நைட்ரஜனும் ஆர்கானும்) என்று வைப்போம், மணிக்கு 0.63 மோல். மீத்தேனோடு எதுவும் போகவில்லை, ரீசைக்கிள் ஓட்டத்தில் மந்த வாயுவை 20 சதவீதம் வரை ஏற விடுகிறோம் என்றால் மணிக்கு 3.15 மோல் வெளியேற்ற வேண்டும், அதில் ஹைட்ரஜன் 2.5 மோல், மொத்தத்தில் 1 சதவீத இழப்பு. "சுத்தமாக இருக்கட்டும்" என்று 5 சதவீதத்திலேயே நிறுத்தினால் இழப்பு கிட்டத்தட்ட 5 சதவீதமாகும். அடுத்த படியில் பார்க்கப் போகும் மின்கணக்கில் அது 1.2 கிலோவாட். கொஞ்சம் அழுக்கைச் சுற்றில் சுமப்பதுதான் இங்கே லாபம்.

## 8. எலக்ட்ரோலைசர்

ஆலையின் மின்சாரத்தில் பெரும்பகுதியை விழுங்குவது இதுதான். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வெப்ப இயக்கவியல்படியே 39.4 கிலோவாட்-மணி, நடைமுறையில் 50 என்று வையுங்கள். நமக்கு 25 கிலோவாட்.

இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று, எலக்ட்ரோலைசரையே அழுத்தத்தில் ஓட்டினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அழுத்தத்தோடு வெளியே வரும், பின்னால் கம்ப்ரசர் மிச்சம். இன்னொன்று, ரியாக்டரிலிருந்து திரும்பும் தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் இருக்கும். வாயு நீக்காமல் அனுப்பினால் அவை ஆக்சிஜன் பக்கம் வந்து சேரும். திரவ ஆக்சிஜனில் ஹைட்ரோகார்பன் கலப்பது விபத்துக்கு அழைப்பு, பூமியில் காற்றுப் பிரிப்பு ஆலைகள் இந்த ஒரே விஷயத்தால் வெடித்திருக்கின்றன.

## 9. திரவமாக்குதல்

ஆக்சிஜன் 90 கெல்வின், மீத்தேன் 112 கெல்வின். படி 5-இல் சொன்ன அதே அனுமானங்களை, 260 கெல்வின் ரேடியேட்டரையும் 15 சதவீதத் திறனையும், இங்கேயும் வையுங்கள். ஆக்சிஜனுக்கு 0.42 கிலோவாட் குளிர், அதற்கு 5.3 கிலோவாட் மின்சாரம். மீத்தேனுக்கு 0.24 கிலோவாட் குளிர், 2.1 கிலோவாட் மின்சாரம்.

தொட்டிக்குள் கசியும் வெப்பத்தை இத்துடன் கூட்ட வேண்டும். மாதங்கள் போகப் போகத் தொட்டியில் திரவம் கூடும், கசிவு நிற்கவே நிற்காது. உற்பத்தி முடிந்த பிறகும் கூலர்கள் ஓட வேண்டும் என்பதை அட்டவணையில் எழுதுங்கள். கடைசி நாளோடு மின்சாரத்தைப் பூஜ்யமாக்கும் வரைபடங்களை நிறையப் பார்க்கிறேன்.

## 10. வெப்பத்தை விடும் இடம்

பூமியில் கூலிங் டவர் என்று ஒரு பெட்டி போட்டு முடித்துவிடுவோம். செவ்வாயில் அது கிடையாது, காற்று மெல்லியது என்பதால் விசிறியும் பெரிதாக உதவாது. வெப்பம் கதிர்வீச்சாகத்தான் போக வேண்டும்.

மூன்று கூலர்களும் வெளியே தள்ளும் வெப்பம், எடுத்த குளிரும் தின்ற மின்சாரமும் சேர்த்து, 11.4 கிலோவாட். 260 கெல்வின் ரேடியேட்டர், உமிழ்திறன் 0.9, சுற்றுப்புறம் 200 கெல்வின் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு நிகரமாக 150 வாட்தான் போகும். 75 சதுர மீட்டர் ரேடியேட்டர்! அதை மடித்து, ராக்கெட்டில் ஏற்றி, அங்கே விரித்து, தூசி படியாமல் காக்க வேண்டும்.

இப்போது ரேடியேட்டரை 300 கெல்வினுக்கு ஏற்றிப் பாருங்கள். கூலர்களின் மின்சாரம் 10.2-லிருந்து 12.9 கிலோவாட்டாகக் கூடும், பரப்போ 42 சதுர மீட்டராக இறங்கும். 2.7 கிலோவாட் கூடுதல் கொடுத்து 33 சதுர மீட்டர் மிச்சம். எது லாபம் என்பது உங்கள் மின்மூலத்தின் எடையைப் பொறுத்தது, இரண்டையும் கிலோவில் மாற்றி ஒப்பிடுங்கள். இந்த ஒரு வரைபடத்தை, வெப்பநிலைக்கு எதிராக மொத்த எடை, போட்டுக் காட்டினால் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

எலக்ட்ரோலைசரின் இழப்பு வெப்பம் 5 கிலோவாட் இருந்தாலும் அது 340 கெல்வினில் வருவதால் 9 சதுர மீட்டர் போதும். சூடான வெப்பத்தையும் குளிர்ந்த வெப்பத்தையும் ஒரே ரேடியேட்டரில் கலக்காதீர்கள், இரண்டு தனிச் சுற்று.

## 11. மின்மூலமும் ஓட்டும் முறையும்

எலக்ட்ரோலைசர் 25, கார்பன் டை ஆக்சைடு பிடிக்க 2.8, திரவமாக்க 7.4. இதுவே 35 கிலோவாட் சொச்சம். தோண்டுதல், புளோயர், பம்பு, கட்டுப்பாடு, தொட்டிக் கசிவு எல்லாம் சேர்த்தால் 40-ஐத் தாண்டும். 2022இல் நிலவுக்காக நாசா வடிவமைப்பு ஒப்பந்தம் கொடுத்த அணு உலையின் அளவும் 40 கிலோவாட்தான் என்பதால், ஒரு மணிக்கு 1 கிலோ என்பது ஓர் உலைக்கு ஓர் ஆலை என்று நினைவில் வைக்க வசதியானது.

சூரியத் தகடு என்றால் கணக்கே வேறு. செவ்வாயில் வளிமண்டலத்துக்கு மேலேயே சதுர மீட்டருக்கு 590 வாட்தான். இரவில் நிறுத்தினால் பகலில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட வேண்டும், அதாவது எலக்ட்ரோலைசர், ரியாக்டர், கூலர் எல்லாமே இரண்டு மடங்கு பெரிது. 2018இல் ஆப்பர்சூனிட்டி ஊர்தியை ஓயவைத்ததைப் போன்ற தூசிப் புயல் வந்தால் வாரக்கணக்கில் உற்பத்தி நிற்கும், ஆனால் தொட்டியைக் குளிராக வைத்திருக்கும் மின்சாரத்தை நிறுத்த முடியாது. சூரியத் தகடு தேர்ந்தெடுக்கிறவர்கள் 480 நாளை அப்படியே வைத்துக்கொண்டு வருவார்கள். புயலுக்கு எத்தனை நாள் ஒதுக்கினீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

நிறுத்தித் தொடங்கும் வரிசையையும் ஒரு பக்கம் எழுதுங்கள். ரியாக்டர் 250 டிகிரி வந்த பிறகே வாயுவைத் திறக்க வேண்டும், அதன் பிறகு தன் வெப்பத்திலேயே ஓடும். நிறுத்தும்போது முதலில் கார்பன் டை ஆக்சைடை மூடி, ஹைட்ரஜனைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், உள்ளே ஈரமும் கார்பன் ஆக்சைடுகளும் தங்காது. தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே இரவில் உறைந்து வெடிக்கும்.

## 12. ஒப்படைக்கும் முன்

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றுக்கும் தனித்தனியே அணு எண்ணிக்கை மூடுகிறதா என்று பாருங்கள். மொத்த எடை பொருந்தி, ஹைட்ரஜன் பொருந்தாத ஷீட்டுகள் சாதாரணம், அதன் எடை அவ்வளவு குறைவு.

அப்புறம் ஆற்றல். உள்ளே போன மின்சாரத்தில் ஒரு பகுதி எரிபொருளில் சேமிப்பாகிறது, மீதி முழுவதும் எங்காவது ஒரு ரேடியேட்டரிலோ குழாய்ச் சுவரிலோ வெப்பமாக வெளியேற வேண்டும். கணக்கில் வராத வெப்பம் 1 கிலோவாட்டுக்கு மேல் இருந்தால் தேடுங்கள். பெரும்பாலும் ரியாக்டரிலிருந்து வரும் ஈரமான மீத்தேனைக் குளிர்விக்கும் கண்டென்சரைத்தான் விட்டிருப்பீர்கள். அங்கே மணிக்கு 2.25 கிலோ நீராவி தண்ணீராகிறது, அதுவே 1.5 கிலோவாட் பக்கம் வரும்.

கடைசியாக, ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் "இது அடைத்தால் என்ன நடக்கும், யார் சரிசெய்வது?" என்று எழுதுங்கள். அங்கே ஆளே இல்லை, ஆட்கள் கிளம்புவதே தொட்டி நிரம்பிய பிறகுதான். தூசி வடிகட்டிக்கும் குளிர்ப்பரப்புக்கும் அயனிப் பரிமாற்றப் படுகைக்கும் மாற்று இணைப்பு வரையப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்போது வேண்டுமானால் சிமுலேஷன் மென்பொருளைத் திறங்கள்.